மார்கரிட்டாவின் கசப்பு எங்கிருந்து வந்தது?

மார்கரிட்டா என்ற மதுக்கலவையைச் செய்து பார்த்ததில் மூன்று மாலைகள் வீணாயின. 50 மி.லி. டெக்கீலா (நீலக் கற்றாழையிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மது), 20 மி.லி. டிரிபிள் செக் (ஆரஞ்சுச் சுவையுள்ள இனிப்பு மது), 15 மி.லி. எலுமிச்சைச் சாறு. அளவில் பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் விழுங்கியபின் அடிநாக்கில் ஒரு கசப்பு தங்கியது.

முதலில் டெக்கீலாவைச் சந்தேகித்தேன். நூறு சதவீதம் நீலக் கற்றாழை என்று அச்சிட்ட புட்டிக்கு மாறினேன். மணம் உயர்ந்தது, கசப்பு போகவில்லை. டிரிபிள் செக்கைக் குறைத்தேன், புளிப்புதான் ஏறியது. கிண்ண விளிம்பின் உப்பைத் துடைத்தும் பார்த்தேன்.

நான்காம் நாள் சாற்றை மட்டும் ஒரு கரண்டி சுவைத்தேன். காலையில் பிழிந்து வைத்த சாறு அது. பிழிந்தவுடன் கசக்காதது, மாலையில் கசந்தது! பழத்திலுள்ள கசப்பற்ற ஒரு பொருள், பிழிந்த சாற்றின் அமிலத்தில் மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. விதைகளிலும் அது உண்டு. நானோ விதை நசுங்கும்வரை அழுத்தியிருந்தேன்.

கலக்கும் நேரத்தில், விதை நீக்கி, மென்மையாகப் பிழிந்தேன். கசப்பு அறவே இல்லை. நிம்மதி.

மார்கரிட்டா என்றால் ஸ்பானிய மொழியில் டெய்சிப் பூ. டெய்சி என்ற பழைய மதுக்கலவையும் உண்டு. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் எல்லை தாண்டி மெக்சிகோவின் திஹுவானாவுக்கு வந்த ஒருவர் டெய்சி கேட்க, பிராந்திக்குப் பதில் டெக்கீலாவை ஊற்றிய கையைக் கற்பனை செய்துகொள்கிறேன். அந்தக் கை எலுமிச்சையை அப்போதுதான் பிழிந்திருக்கும்.