நீளமான டச்சு வார்த்தையை உடைத்துப் படிப்பது எப்படி?

டச்சு படிக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே ‘அர்பெய்ட்ஸ்ஒன்கஸ்கிக்ட்ஹெய்ட்ஸ்ஃபர்ஸேகரிங்’ மாதிரி ஒன்று எதிரில் வந்து நிற்கும். வேலை செய்ய இயலாமல் போனால் பணம் தரும் காப்பீடு, அவ்வளவுதான். இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவதால் வரும் மிரட்டல் இது.

முதல் எழுத்திலிருந்து அசை பிரிக்கப் போகாதீர்கள், முதலில் சொல் பிரியுங்கள், அதுவும் வாலிலிருந்து. நம் கூட்டுச்சொல் போலவே, பொருளைத் தீர்மானிக்கும் தலைமைச் சொல் கடைசியில்தான் இருக்கும்: ஃபர்ஸேகரிங், காப்பீடு. அதைக் கழற்றினால் ஒன்கஸ்கிக்ட்ஹெய்ட், இயலாமை. மிச்சம் அர்பெய்ட், வேலை. நடுவில் வரும் ‘ஸ்’ வெறும் பசை. ‘ஹெய்ட்’, ‘இங்’ முடிவுகளுக்குப் பின்னால் அது தெரிந்தால் பெரும்பாலும் தையல் அங்கேதான்.

அப்புறம் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அசை: அர்–பெய்ட்ஸ்–ஒன்–க–ஸ்கிக்ட்–ஹெய்ட்ஸ்–ஃபர்–ஸே–க–ரிங். பத்து.

நாம் வழுக்கும் இடம் தையல்தான். மெய்யின் மேல் உயிரை ஏற்றிவிடுவது நம் நாக்கின் பழக்கம். ‘லோபன்’ (நடப்பது) தனிச்சொல், அதனால் லோ–பன் என்று ப் அடுத்த அசைக்குப் போகும், சரி. ஆனால் ‘லோப்அஃப்ஸ்டன்ட்’ (நடந்து போகும் தூரம்) லோப் + அஃப்ஸ்டன்ட், எனவே லோப்–அஃப்–ஸ்டன்ட். இதை லோ–பஃப் என்று பிரித்தால் தப்பு. அந்தப் ‘ப்’பையும் ‘அப்பா’வில் வருவது போல வல்லினமாகவே சொல்லுங்கள், ‘கோபம்’ போல மெலிய விடாதீர்கள்.

இனி அழுத்தம். பொருள் வாலில் இருந்தாலும் முதன்மை அழுத்தம் பொதுவாக முதல் துண்டில். நம் சொல்லில் ‘அர்’ ஓங்கி ஒலிக்கும், ‘ஸே’ அதைவிடக் கொஞ்சம் குறைவு, மற்றதெல்லாம் கடகடவென்று ஓடிவிடும். ‘ஃபர்’, ‘க’ போன்ற முன்னொட்டுகளை அழுத்தவே கூடாது. தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகிய நமக்கு முழுங்குவதுதான் கஷ்டம்.

விதிவிலக்கு உண்டு, மனப்பாடம்தான் வழி: பர்கமேஸ்டர் (நகரத்தலைவர்) ‘மே’யில், பூரன்கோல் (ஒருவகைக் கீரை) ‘கோல்’ மேல். ஆம்ஸ்டல் ஆற்றில் கட்டிய அணையால் பெயர் பெற்ற ஆம்ஸ்டர்டாமும் அப்படியே, அழுத்தம் ‘டாம்’ மேல்.

தையல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டச்சுக்காரர்களே சொல்லிச் சிரிக்கும் ஒரு சொல், ‘டெய்க்ரம்ப்’. டெய்க்–ரம்ப் என்றால் கடலணை உடைந்த பேரிடர். டெய்–க்ரம்ப் என்றால் தொடையில் தசைப்பிடிப்பு.