லிட்டருக்கு எத்தனை மில்லி? பிரஷ் கட்டருக்கு 2டி ஆயில் கலக்கும் முறை

தோப்பில் புல் வெட்ட பிரஷ் கட்டர் வாங்கிய புதிதில், டேங்க் பக்கத்தில் 50:1 என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, லிட்டருக்கு 50 மில்லி ஆயில் ஊற்றினேன். கொசுப்புகை வண்டி வந்தது போல் தோப்பே புகைந்தது. இரண்டாம் நாள் ப்ளக் கரி பிடித்து நின்றுவிட்டது. மெக்கானிக் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்து, “லிட்டருக்கு எவ்வளவுண்ணே ஊத்துறீங்க?” என்றார். சொன்னேன். சிரித்துக்கொண்டே கம்பித் தூரிகையை எடுத்தார்.

50:1 என்றால் பெட்ரோல் 50 பங்கு, ஆயில் 1 பங்கு. அதாவது லிட்டருக்கு 20 மில்லி. நான் ஊற்றியது 20:1. புதிதாக வாங்குகிறவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

முதலில், உங்கள் மெஷின் டூ ஸ்ட்ரோக்தானா?

பிரஷ் கட்டரில் ஃபோர் ஸ்ட்ரோக்கும் உண்டு. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 இன்ஜின் அந்த வகை. இன்ஜின் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது. பெட்ரோல் மூடி மட்டும் இருந்து, அதன் மேலோ பக்கத்திலோ எண்ணெய்ச் சொட்டுப் படமோ 50:1, 40:1, 25:1 என்ற எண்ணோ இருந்தால் அது டூ ஸ்ட்ரோக், தொடர்ந்து படியுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் தேங்கி நிற்க இடம் கிடையாது. பெட்ரோலும் காற்றும் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகின்றன. போகிற வழியில் பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது, பிறகு எரிந்துவிடுகிறது. வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கீறி ஜாம் ஆகிவிடலாம். லாம்பி ஸ்கூட்டர், யெஸ்டி பைக், டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பங்க்கில் பெட்ரோலோடு ஆயிலும் கேட்டு வாங்கிய தலைமுறை அது.

படி 1: ஆயில் வாங்குவது

2டி (டூ ஸ்ட்ரோக்) என்று போட்ட ஆயில் வேண்டும். பைக்குக்கு ஊற்றும் 4டி (ஃபோர் ஸ்ட்ரோக்) ஆயில் இதற்கு ஆகாது. படகு இன்ஜினுக்கான டி.சி.டபிள்யூ 3 ஆயிலும் வேண்டாம். அது தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கானது, நம் மெஷின் காற்றில் குளிர்வது. டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீடு எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று இருந்தால் நல்லது; எஃப்.டி.யில் கரி குறைவாகப் படியும். நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அது தரத்தின் அடையாளம் அல்ல, கலந்த பெட்ரோலை அடையாளம் காணப் போட்ட சாயம்.

படி 2: அளவு

பெட்ரோலை மில்லியில் எழுதி, விகிதத்தின் பெரிய எண்ணால் வகுத்தால் ஆயில் அளவு வந்துவிடும்.

50:1 – லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டருக்கு 100
40:1 – லிட்டருக்கு 25 மில்லி, 5 லிட்டருக்கு 125
25:1 – லிட்டருக்கு 40 மில்லி, 5 லிட்டருக்கு 200

எந்த விகிதம் என்பதைக் கடைக்காரரைக் கேட்காதீர்கள், கையேட்டைக் கேளுங்கள். சில கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு 50:1 என்றும், மற்ற ஆயிலுக்குக் கூடுதலாகவும் சொல்லும். ஸ்டில் (Stihl) கம்பெனிக் கையேடுகள் பலவற்றில் அந்த இரண்டாவது அளவு 25:1.

“கூடக் கொஞ்சம் ஊத்துனா இன்ஜினுக்கு நல்லதுதானே?” என்று நானும் நினைத்தவன்தான். இல்லை. ப்ளக்கும் சைலன்சரும் கரியில் அடைபடும். ஆயில் கூடினால் அதே கலவையில் பெட்ரோல் அந்த அளவு குறைகிறது என்பதும் உண்டு.

அளக்க, மருந்துக்கடையில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். இருமல் மருந்து மூடி, டீ கிளாஸ் கணக்கெல்லாம் வேண்டாம்.

படி 3: கலப்பது

திறந்த வெளியில், அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை. பெட்ரோலுக்கென்றே உள்ள கேனைத் தரையில் வையுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம். முதலில் பாதிப் பெட்ரோல், அப்புறம் ஆயில் முழுவதும். மூடி அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், மூடியை மெதுவாகத் திறக்கவும்.

மெஷின் டேங்க்கிலேயே நேராகக் கலந்துவிடலாமே என்று தோன்றும். ஆயில் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் கிடக்கிறது. முதலில் ஆயிலாகக் குடித்துத் திணறும், பிறகு ஆயில் குறைந்த பெட்ரோலில் சூடேறும்.

படி 4: கேனில் எழுதுவது

‘கலந்தது, 50:1, தேதி’ என்று மார்க்கரால் எழுதுங்கள். தோப்புக்கு வேலைக்கு வருகிறவர் பைக் பெட்ரோல் கேனை எடுத்து ஊற்றிவிட்டால் யாரைக் குறை சொல்வது? எங்கள் வீட்டில் கலந்தது சிவப்புக் கேனில்தான் இருக்கும், வேறு கேனைத் தொடக் கூடாது.

படி 5: ஊற்றுவது, ஓட்டுவது

ஊற்றும் முன் கேனை ஒருமுறை குலுக்குங்கள். இன்ஜின் சூடாக இருந்தால் பத்து நிமிடம் பொறுங்கள். சிந்தியதைத் துடைத்துவிட்டு, ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப்போய்க் கயிறை இழுங்கள். முதலில் கொஞ்சம் நீலப் புகை வரும், சூடேறியதும் அடங்க வேண்டும். அடங்காமல் புகைந்தால் கணக்கை மறுபடி பாருங்கள்.

படி 6: மிச்சம்

இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், பெரும்பாலும் 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாளானால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் நிற்கும். அதனால் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் கலக்குங்கள். நான் இரண்டு லிட்டருக்கு மேல் கலப்பதில்லை. மழைக்காலப் புல் வெட்டி முடித்து மெஷினைத் தூக்கி வைக்கும்போது, டேங்க்கைக் கேனில் கவிழ்த்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டி அணைத்து வையுங்கள்.