மலைக்குளிரில் ஸ்டீராய்டு இன்ஹேலர்: மருந்து நெஞ்சுக்குள் போய்ச் சேர

ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொட்டும். விடிகாலையில் அலமாரியிலிருந்து எடுக்கும், இழுப்பு நோய்க்கான (ஆஸ்துமா) ஸ்டீராய்டு இன்ஹேலர் சில்லென்றிருக்கும். குளிர்ந்த டப்பாவில் வாயுவின் அழுத்தம் இறங்கிவிடும். மருந்து சரியாகப் பீய்ச்சாது. அதனால் முதல் வேலை, டப்பாவை 2 நிமிடம் உள்ளங்கைக்குள் பொத்தி வைப்பது. அடுப்போரமோ வெந்நீரோ கூடாது, வெடித்துவிடும்.

மூடியைக் கழற்றி உள்ளே தூசி இருக்கிறதா பாருங்கள். 5 தடவை நன்றாகக் குலுக்குங்கள். புது டப்பா என்றாலும், பல நாள் தொடாதது என்றாலும், உடன் வரும் தாளில் சொன்ன எண்ணிக்கைக்குக் காற்றில் அடித்துவிடுங்கள்.

இப்போது இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கித் தரும் பிளாஸ்டிக் குழாய்) செருகி, நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். ஸ்பேசரைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டை இறுக்குங்கள். ஒரே ஒரு அழுத்து. உடனே 3 முதல் 5 விநாடி மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மருந்து தொண்டையிலேயே மோதி நின்றுவிடும். சில ஸ்பேசர்கள் விசிலடித்துக் காட்டிக்கொடுக்கும். பிறகு 10 விநாடி மூச்சடக்குங்கள். அடுத்த பஃபுக்கு அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்குங்கள். நேரம் மிச்சம் என்று இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரில்தான் படியும்.

வாய் கொப்பளித்துத் துப்புங்கள். தண்ணீர் பல்லைக் கூசவைக்கிறது என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். பின்னால் நாக்கில் வெள்ளை படரும், குரல் கம்மும். வெதுவெதுப்பான நீர் போதும். பல் தேய்ப்பதற்கு முன்பு மருந்து என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஸ்பேசரைக் கழுவும் நாளில், காலை மருந்துக்குப் பிறகு, பாத்திரம் கழுவும் சோப்பு 2 சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் அலசிக் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, மருந்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூடுபனி நாளில் காய நேரமாகும், இரவு கழுவாதீர்கள்.

கேப்ஸ்யூலில் வரும் ரோட்டாகேப் பொடி மருந்து என்றால் கதை வேறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஈரக்காற்றில் பொடி கட்டிக்கொள்ளும்; இழுக்கும் நேரத்தில் மட்டும் ஒரு கேப்ஸ்யூலை எடுங்கள்.

200 பஃப் டப்பா, வேளைக்கு 2 வீதம் தினம் இரு வேளை என்றால் 50 நாள் வரும். தொடங்கிய தேதியை அட்டையில் எழுதுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது வீண் வேலை.

இழுப்பு தணிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீசிங் வந்த நேரத்தில் இந்த ஸ்டீராய்டு உதவாது, அதற்கு உடனடி நிவாரண மருந்தான சால்பியூட்டமால். அதற்கும் அடங்காமல், ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியவில்லை என்றால் உடனே 108. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வண்டி வர நேரமாகும்.