இடம்பெயரும் கர்ப்பிணிகளின் கையில் இருக்க வேண்டிய பை

போர், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற நெருக்கடிகளில் வீட்டை விட்டு வெளியேற நேரிடும் கர்ப்பிணிகள், மருத்துவமனையை அடைவதற்குள் பிரசவமாகிவிடும் நிலைக்கும் ஆயத்தமாக இருப்பது நல்லது. ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் இத்தகைய சூழலில் வழங்கும் பிரசவப் பையில் சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, கையுறை, உறை பிரிக்காத பிளேடு, தொப்புள்கொடியைக் கட்டும் நாடா, குழந்தையைத் துடைத்துப் போர்த்தும் துணி ஆகியவை இருக்கும். அது கிடைக்காவிட்டால் இவற்றை நாமே சேர்த்து, மருத்துவப் பதிவுகளோடு நீர் புகாத உறையில் வைத்துக்கொள்ளலாம். பிளேடு அற்பமான பொருளாகத் தோன்றலாம், ஆனால் அழுக்கான கத்தியால் கொடியை அறுப்பதும் வெட்டிய இடத்தில் சாம்பலோ மண்ணோ பூசுவதும் பச்சிளங்குழந்தைக்கு உயிர்கொல்லியான டெட்டனஸைக் கொண்டுவரக்கூடும்.

அதிக இரத்தப்போக்கு, வலிப்பு, பார்வை மங்கலுடன் கடுமையான தலைவலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் இந்தப் பையை நம்பி இருந்துவிடாமல், எப்பாடுபட்டாவது மருத்துவ உதவியை அடைய வேண்டும்.

முகாம்களில் இரவில் கழிப்பறைக்குத் துணையோடு செல்வது பாதுகாப்பானது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரையை 120 மணி நேரத்துக்குள்ளும், இயன்றவரை விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதால், காவல்துறைப் புகாருக்காகக் காத்திராமல் முதலில் சிகிச்சை பெறுவதே சரி.