பைக்குக்குப் புது பேட்டரி: கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

செல்ஃப் அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, ஹாரன் கம்மிப்போய்க் கத்துகிறது, இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்றுதான் அர்த்தம், பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் புது பேட்டரி போட்டுவிட்டு, நாலு மாதத்தில் அதுவும் போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்கிறவர்களை நம் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நிறையப் பார்க்கலாம். பழையது ஏன் போனது என்று தெரிந்துகொண்டு அப்புறம் புதிதை வாங்குங்கள்.

அதற்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், இல்லாவிட்டால் தெருவில் யாராவது வயரிங் வேலை பார்ப்பவரிடம் ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். டிசி 20 வோல்ட்டில் வைத்து, ராத்திரி முழுக்க வண்டி சும்மா நின்றபின் காலையில் சாவி போடாமல் பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். 12.6க்கு மேல் காட்டினால் சார்ஜ் முழுதாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் காலி. நன்றாக சார்ஜ் போட்டு எடுத்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறது என்றால் உள்ளே ஒரு செல் போய்விட்டது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், ஒன்று போனால் அந்தக் கணக்குதான் வரும். இதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

முழு சார்ஜில் இருக்கும்போது மீட்டரை எடுக்காமல் செல்ஃபை அழுத்திப் பாருங்கள். எண் சட்டென்று இறங்கும், அது இயல்பு. பத்துக்குப் பக்கத்தில் நின்று வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரிக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. 9, 8 என்று சரிந்துகொண்டே போனால் அதன் காலம் முடிந்தது.

அடுத்த சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை நிதானமாகத் திருகிப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். 13.5இலிருந்து 14.5க்குள் வர வேண்டும். 13கூட வரவில்லை என்றால் வண்டி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றவில்லை, புதுசு போட்டாலும் சில நாளில் காலியாகும். 15ஐத் தாண்டினால், பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, பேட்டரியை உள்ளேயே கொதிக்கவைத்துக் கொன்றுவிடும். திருத்துறைப்பூண்டியில் எங்கள் சித்தப்பா வண்டியில் இதுதான் நடந்தது. பேட்டரி மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒவ்வொன்றும் பக்கவாட்டில் உப்பிக்கொண்டு வெளியே வந்தது. கடைசியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 15.8. ரெகுலேட்டரை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. பேட்டரி உப்பியிருந்தால் முதல் சந்தேகம் ரெகுலேட்டர் மேல் இருக்கட்டும்.

டெர்மினலையும் ஒரு பார்வை பாருங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரக் காற்றுக்கும், மழைக்காலத்தில் வரப்பிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கும், முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். அது இருந்தால் பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் போகாது. வயரைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய டூத்பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, வாசலின் தடவி இறுக்கினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். வெளியிலிருந்து மாட்டிய ஃபோகஸ் லைட், ஜிபிஎஸ், டபுள் ஹாரன் ஏதாவது சாவி எடுத்த பிறகும் மின்சாரம் இழுக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, பேட்டரிதான் போய்விட்டது. எது வாங்குவது?

முதலில் ஆம்பியர் அளவு, அதாவது பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் நிற்கும் என்ற கணக்கு, கடையில் ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) என்பார்கள். பழைய பேட்டரியின் மேலேயே எழுதியிருக்கும், வண்டியோடு வந்த புத்தகத்திலும் இருக்கும். ஆனால் பழைய பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள், முன்னால் யாராவது கையில் கிடைத்ததை மாட்டியிருக்கலாம், அதனால் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 100, 110 சிசி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4, 150 சிசி பக்கம் வரும்போது 5இலிருந்து 9 வரை, செல்ஃப் வைத்த பழைய 350 புல்லட்டுக்கு 14. சொன்ன அளவுக்குக் கீழே போகவே கூடாது. ஒரு ஆம்பியர் கூடுதலாக, அதே இடத்தில் உட்காருகிற மாதிரி கிடைத்தால் பரவாயில்லை, அதற்கு மேல் பெரியதாக மாட்டுவதில் லாபம் எதுவும் இல்லை.

உட்காருவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன பேட்டரிகளில் ஒரு குடும்பமே அடிப்பாகம் ஒரே அளவு, சுமார் 114க்கு 71 மில்லிமீட்டர். உயரம்தான் மாறும்: 86, 106, 131. கடையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், வீட்டுக்கு வந்து மாட்டினால் சீட்டோ மூடியோ சாத்தாது. சிலர் அடித்து அமுக்கிவிடுகிறார்கள், டெர்மினல் பாடியில் உரசி ஷார்ட் ஆகும், அதைச் செய்யாதீர்கள். பழைய பேட்டரியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவதுதான் நல்லது. பிளஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இடவலம் மாறிய பேட்டரி வாங்கினால் வயர் எட்டாது, இழுத்துக் கட்டி மாற்றி மாட்டினால் ஃப்யூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ரெகுலேட்டரும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்ன கம்ப்யூட்டரான இசியூவும் சேர்ந்து போகும்.

வகை என்று பார்த்தால், ஆசிட் ஊற்றும் பழைய வகை விலை குறைவு, ஆனால் மாதா மாதம் அளவுக்கோட்டைப் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் உதவாது, நம் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் உப்புக்கு பேட்டரி தாங்காது. சீல் செய்த மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகையில் இந்த வேலையே இல்லை, மேடுபள்ளத்தில் சாய்ந்தாலும் ஆசிட் வழியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசல் வரை தண்ணீர் வரும் ஊர்க்காரர்கள் யோசிக்காமல் இதை வாங்கலாம். லித்தியம் பேட்டரி எடை குறைவு, விலை பல மடங்கு, ரெகுலேட்டர் அதற்கு ஒத்துவர வேண்டும். தினமும் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் வண்டிக்கு அது வேண்டாம்.

கம்பெனியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எக்ஸைட், அமரான் இரண்டும் நம் எல்லா ஊரிலும் கிடைக்கும், இரண்டும் உழைக்கும். நான் கம்பெனியைவிட தேதியைத்தான் பார்ப்பேன். பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் சார்ஜ் பிடிக்காது. தயாரித்த மாதத்தைக் கடைக்காரரையே படித்துக்காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஆறு மாதம் தாண்டியிருந்தால் வேறு எடுத்துத் தரச் சொல்லலாம், தப்பில்லை. வாங்கும் முன் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 12.4க்குக் கீழே இருந்தால் அதைத் தொடாதீர்கள். சின்ன ஊர்க் கடைகளில் அதிகம் ஓடும் 100 சிசி வண்டிகளின் பேட்டரி வேகமாக விற்றுவிடும், அதனால் புதிதாக இருக்கும். புல்லட் மாதிரி எப்போதாவது கேட்கப்படும் அளவு தூசி படிந்து கிடக்கும், அதற்குக் கும்பகோணம், தஞ்சாவூர் என்று பெரிய கடைக்குப் போங்கள்.

விலையில் ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது, பழைய விலைப்பட்டியலை நீட்டினால் கேளுங்கள். பில் கட்டாயம் வேண்டும். வாரண்டி 48 மாதம் என்று போட்டிருந்தால் முழு 48க்கும் இலவசமாகத் தருவார்கள் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று, மிச்சத்துக்கு விலையில் கொஞ்சம் கழித்துத் தருவார்கள். கார்டில் கடை முத்திரை, தேதி, வண்டி எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மை அழிந்த கார்டை வைத்து வாரண்டி கேட்க முடியாது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெட்ரோல் பம்பும் இசியூவும் மின்சாரத்தில் ஓடுகின்றன, பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் பல வண்டிகளில் கிக்கர் அடித்தும் பயன் இல்லை. வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், இசியூ போனால் செலவு பேட்டரியைப் போலப் பல மடங்கு.

மாட்டும்போது, கழற்றுவது மைனஸ் முதலில், மாட்டுவது பிளஸ் முதலில். புதுசு முழு சார்ஜில் இல்லை என்றால் மாட்டும் முன் சார்ஜ் போட்டுவிடுங்கள், ஆம்பியர் அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்டில், அதாவது 4 ஏஎச் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர். லாரி பேட்டரிக்குப் போடும் பெரிய சார்ஜரில் அரை மணியில் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர், வளைகுடா என்று போய், வருடத்தில் ஒரு மாதம் மட்டும் வந்து ஓட்டுகிறவர்கள் கிளம்பும் அன்றே மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் போட வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், உள்ளே ஈயம் இருப்பதால் எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தருவார்கள். அதிலிருக்கும் ஆசிட்டை வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.