கட்டாயத்துக்கு மாறும் சாயப்பட்டறை: எங்கே தவறுகிறார்கள்

திருப்பூர்ச் சாயத்தொழிலில் பெரிய மாற்றம் எதுவும் தானாக வரவில்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதன்பிறகும் வேலை அரைகுறையாகவே கிடந்தது. 2011 ஜனவரி 28-ல் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லி உத்தரவு வந்தபோதுதான் தொழில் உண்மையாகவே அசைந்தது.

இப்போது அடுத்த தலைமுறை பட்டறையை எடுத்து நடத்துகிறது. புது மெஷின், உப்பு மீட்பு, விரிவாக்கம் என்று துணிந்து இறங்குகிறார்கள். ஆனால் அன்றைக்கு அப்பாமார் செய்த பிழைகளையே திரும்பவும் செய்கிறார்கள். ஃபில்டர் கழுவாமல் விடுவது, மீட்டர் பார்க்காமல் விடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

கடைசிக் குழாயை மட்டும் மாற்றுவது

பணத்தை அதிகம் தின்கிற தவறு இதுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நோட்டீஸ் எப்போதும் தண்ணீர் வெளியேறும் குழாயைத்தான் காட்டும். அதனால் கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ.வைப் பெரிதாக்குவது, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டரில் இன்னொரு கட்டம் சேர்ப்பது என்று கடன் முழுவதும் அங்கேயே போகிறது. உப்பு உள்ளே வருவதோ சாயத்தொட்டியில். அங்கே யாரும் கை வைப்பதில்லை.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு தேவை. ஆனால் அது துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு கிட்டத்தட்ட அத்தனையும் வடிகாலுக்கு வந்து சேரும். உப்பின் அளவைத் தீர்மானிப்பது துணியின் எடை மட்டுமல்ல, தொட்டியில் நிற்கும் தண்ணீரும்தான். 300 கிலோ நேவி புளூ லாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 70 கிராம் உப்பு. பழைய வின்ச் மெஷினில் 1:10, அதாவது ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் என்றால் 3,000 லிட்டர் தண்ணீர், 210 கிலோ உப்பு. தண்ணீர் குறைவாகக் கேட்கும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 1:6 என்றால் 1,800 லிட்டர், 126 கிலோ. ஒரு லாட்டுக்கு 84 கிலோ மிச்சம். நாளுக்கு மூன்று லாட் ஓடினால் கால் டன். இந்தக் கால் டன்னைத் தண்ணீரை ஆவியாக்கி மீட்க விறகு எரிக்க வேண்டியதே இல்லை, ஏனென்றால் அது உள்ளேயே வரவில்லை.

இதைவிட ஆத்திரம் வருவது, மெஷினை மாற்றிவிட்டுப் பழக்கத்தை மாற்றாமல் விடும் இடத்தில். புது சாஃப்ட் ஃப்ளோ வந்து நிற்கும். முதலாளி பையன் கேட்பான்: "மாஸ்டர், இந்த லாட்டுக்கு உப்பு எவ்வளவுங்க?" பதில் வரும்: "எப்பவும் போடறதுதானுங்க தம்பி, நாலு மூட்டை." ஐம்பது கிலோ மூட்டை நாலு என்றால் 200 கிலோ. அது வின்ச் காலத்துக் கணக்கு. 1,800 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு 110 கிராமைத் தாண்டும். சாயம் வேகமாக ஏறித் துணி திட்டுத்திட்டாக வரும். அதைச் சரிசெய்ய ரீ-டையிங், அதற்கு இன்னொரு தொட்டித் தண்ணீர், இன்னொரு முறை உப்பு. குறைந்த தண்ணீரில் சாயம் ஏற்கெனவே நன்றாக ஏறுவதால், லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் சோதனைச் சாயம் போட்டுப் பார்த்து 70 கிராமையும் கொஞ்சம் குறைக்க முடியும். ரெசிப்பி சீட்டில் மூட்டைக் கணக்கை அடித்துவிட்டு, தண்ணீர் லிட்டரையும் உப்புக் கிலோவையும் எழுதச் சொல்லுங்கள்.

அரை லாட்டும் இதே கதைதான். 300 கிலோ மெஷினில் 180 கிலோ துணியை ஏற்றி அதே 1,800 லிட்டரை விட்டால், விகிதம் திரும்ப 1:10 ஆகிவிடும். வாங்கிய மெஷினின் பயன் அன்றே போய்விட்டது. சின்ன ஆர்டருக்கென்று 100 கிலோ மெஷின் ஒன்று தனியாக வேண்டும்.

அடுத்தது வடிகால். சாயத்தொட்டித் தண்ணீரும் முதல் அலசும்தான் உப்பின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அதற்குப் பின்வரும் அலசல்கள் லேசானவை. இரண்டையும் ஒரே குழாயில் விட்டால், ஆர்.ஓ. சுத்தம் செய்ய முடிகிற தண்ணீரும் கெட்டு, எவாப்பரேட்டருக்குப் போகும் தண்ணீரின் அளவும் கூடும். ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு வால்வு, இரண்டு குழாய், இரண்டு தொட்டி. எந்த அலசில் லைனை மாற்ற வேண்டும் என்பதைக் கையில், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்து ஷேடு வாரியாகப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஊகத்தில் வேண்டாம்.

இரண்டு உப்பைக் கலப்பது

கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட், குளிரவைத்தால் படிகமாகப் பிரிந்துவிடும். சாதா உப்பு அப்படிப் பிரியாது. ஒரு வாரம் இது, விலை ஏறினால் அடுத்த வாரம் அது என்று மாற்றினால், கடைசியில் கிடைப்பது எந்த ரெசிப்பிக்கும் ஆகாத கலப்பு உப்பு. ஷெட்டில் மூட்டையாக அடுக்கிவைத்து, மழைக்காலத்தில் ஈரம் கசியக் கசியக் காவல் காக்க வேண்டியதுதான். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஓர் உறுப்பினர் மாற்றினாலும் எல்லோருடைய உப்பும் கெடும்.

பலர் மறந்துவிடுகிற வழி ஒன்று உண்டு. தண்ணீர் மென்மையாக்கும் ரெசின் தொட்டியைச் சாதா உப்பு விட்டுத்தான் புதுப்பிக்கிறோம். அந்தக் கழிவைக் கிளாபர் லைனில் விட்டால் குளோரைடு நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். அதற்குத் தனிப் பாதை வையுங்கள்.

மீட்ட உப்புநீரை அப்படியே ஊற்றுவது

முதலில் அடர்த்தியைப் பாருங்கள். லிட்டருக்கு 50 கிராம் இருந்தால் 20 மட்டும் சேர்த்தால் போதும். மீட்ட உப்புநீரில் காரம் மிச்சம் இருக்கும். சாயம் போடும் முன் பி.எச்.சை 6.5-லிருந்து 7-க்குள் கொண்டுவராவிட்டால் சாயம் துணியைப் பிடிக்கும் முன்பே தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். தண்ணீரின் கடினத்தன்மை கூடினால், சாயத்தைப் பிடிக்கவைக்கச் சோடா போட்டதும் சுண்ணாம்புத் தூளாக இறங்கித் துணியில் வெள்ளைத் திட்டு விழும். கறுப்பு, நேவி புளூவில் தொடங்குங்கள். இளம் ஷேடுகளுக்கு அவசரப்படாதீர்கள். உப்புநீரில் மிஞ்சிய நிறம் அவற்றில்தான் முதலில் தெரியும்.

உத்தரவு வந்தபிறகு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பது

விலையும் டெலிவரி தேதியும் விற்பவர் கைக்குப் போய்விடும்.

சாஃப்ட்னர் தண்ணீரை ஆர்.ஓ.வுக்கு விடுவது

துணியை மிருதுவாக்கப் போடும் கேட்டயானிக் சாஃப்ட்னரும் சிலிக்கோனும், ஆர்.ஓ.வில் வடிகட்டும் சவ்வான மெம்பரேனில் ஒட்டினால் ரசாயனம் விட்டுக் கழுவினாலும் முழுதாகப் போகாது. சாஃப்ட்னர் கரைசலைத் தனியாகப் பிடித்து அடுத்த லாட்டுக்கு மீண்டும் பயன்படுத்துங்கள்.

பயோ தொட்டியில் சுமையை ஒரே நாளில் ஏற்றுவது

பயோ தொட்டியில் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களுக்குப் பழக நாள் வேண்டும். புது மெஷின்களின் கழிவை முதல் நாளே முழுதாகத் திறந்தால் நுரை பொங்கும், சேறு மிதந்து மேலே வரும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். தினமும் ஒரு லிட்டர் ஜாடியில் அரைமணி நேரம் சேறு படிவதைப் பாருங்கள். கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

ஆட்களிடம் சொல்லாமல் வால்வு வைப்பது

ராத்திரி ஷிப்டில் வால்வைத் திருப்புவது முதலாளி இல்லை, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன். தமிழில் எழுதிய பலகை அவனுக்கு உதவாது. உப்புநீர் லைனுக்குச் சிவப்பு, அலசல் லைனுக்கு நீலம் பெயின்ட் அடித்து, ஏன் மாற்ற வேண்டும் என்பதை அவன் மொழி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லுங்கள். காரணம் தெரியாதவன் அவசரத்துக்கு எந்த வால்வு பக்கத்தில் இருக்கிறதோ அதைத் திறப்பான்.

உப்புக் கணக்கு எழுதாமல் இருப்பது

மாதம் எவ்வளவு வாங்கினீர்கள், மீட்டதையும் சேர்த்து எவ்வளவு தொட்டிக்குப் போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று எழுதுங்கள். விட்டுப்போனது கலப்பு உப்பு ஷெட்டிலோ, சேற்று ஈரத்திலோ, துணி ஈரத்திலோ இருந்தாக வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் தொட்டியின் அடித்தளத்தில் கசிவு இருக்கிறது. தொட்டியைக் காலிசெய்து பார்க்கும் முன், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து டி.டி.எஸ். பாருங்கள்.