பிரிட்டனில் படிக்க வந்திருக்கிறீர்களா? கேட்டால் கிடைக்கும் உதவிகள் இவை

மாணவர் விசாவில் ‘நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு நிதி உதவி பெறக் கூடாது) என்றொரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு, எந்த உதவி கேட்டாலும் விசா போய்விடும் என்று நம் பிள்ளைகள் பலர் வாயே திறப்பதில்லை. முதல் வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வரி தடுப்பது குடிவரவு விதிகளில் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட உதவிகளைத்தான்: யுனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், ஹவுசிங் பெனிஃபிட் போன்றவை. அவற்றின் பக்கமே போகாதீர்கள். பட்டியலில் இல்லாததைத் தாராளமாகக் கேட்கலாம்.

முதலில் கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சி மன்றமான கவுன்சில் வீடுகளுக்கு விதிக்கும் வரி. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வீட்டுக்கு வரியே இல்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர் சான்றிதழ் வாங்கி கவுன்சிலுக்கு அனுப்பிவிடுங்கள். மாணவர்களோடு வேலைக்குப் போகிறவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் குறையும். லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ நம்மவர் வீட்டில் அறை எடுக்கும்போது, இந்த வரியில் உங்களிடம் பங்கு கேட்பார்களா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். விவரம் தெரியாமல் நான் எட்டு மாதம் கட்டினேன்.

இதில் ஒரு பெரிய பொறி உண்டு. மாணவர்களுக்கான விலக்கு வேறு, வருமானம் குறைந்தவர்களுக்கான ‘கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்’ வேறு. இரண்டாவது பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலில் இருக்கிறது. தவறான படிவத்தை நிரப்பினால் விசாவுக்கே ஆபத்து. ‘ஸ்டூடண்ட்’ என்ற சொல் படிவத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

அடுத்தது மருத்துவம். விசாவுக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவ சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) கட்டியிருக்கிறீர்கள். வந்த வாரமே ஜி.பி.யிடம் (பகுதிக் குடும்ப மருத்துவர்) பதிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு ஆகும். (ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம்.) கையில் காசு குறைவு என்றால் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்கும் எச்.சி.1 விண்ணப்பத்தை இணையத்திலேயே நிரப்பலாம். அதில் எச்.சி.2 சான்றிதழ் கிடைத்தால் மருந்து, என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) பல் சிகிச்சை, கண் பரிசோதனை எல்லாம் இலவசம். இது பப்ளிக் ஃபண்ட்ஸில் சேராது. பல்வலியோடு வாரக்கணக்கில் பெயின் கில்லர் விழுங்கிக்கொண்டிருந்த தம்பி ஒருவருக்கு இதைச் சொன்னபோது, “ஏன் அண்ணா முதல்லயே யாரும் சொல்லல?” என்றார்.

பல பல்கலைக்கழகங்களில் பண நெருக்கடியில் இருக்கும் மாணவர்களுக்கான ‘ஹார்ட்ஷிப் ஃபண்ட்’ இருக்கிறது, வெளிநாட்டு மாணவர்களுக்கும் தருகிற இடங்கள் உண்டு. விசா எடுக்கும்போது போதிய பணம் காட்டியிருப்பீர்கள். அதனால் பிறகு என்ன மாறியது என்றுதான் கேட்பார்கள். அப்பாவின் வேலை போனது, 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தது மாதிரி நாணய மதிப்பு விழுந்தது, எதுவானாலும் வங்கிக் கணக்கு விவரத்தோடு நேராக எழுதுங்கள். வாடகை பாக்கி இரண்டு மாதம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

பட்டப்படிப்பு மாணவர்கள் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்கு ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் பொதுவாகப் பாடக் காலம்தான். சாப்பாடு டெலிவரி மாதிரி சுயதொழில் எதுவும் கூடாது, ஒரு நாள்கூட.

அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இங்கிலாந்தில் அவர்கள் மூன்று வருடம் இங்கே வசிக்கும்வரை காத்திருக்காமல் உள்நாட்டு மாணவர் கட்டணத்துக்கும் ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் என்ற அரசுக் கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். அகதி விண்ணப்பத்தின் முடிவு வராமல் காத்திருப்பவர்கள், பல்கலைக்கழகத்தில் ‘சாங்க்சுவரி ஸ்காலர்ஷிப்’ (புகலிடம் தேடி வந்தவர்களுக்கான உதவித்தொகை) இருக்கிறதா என்று கேளுங்கள்.